கடலுக்குச் செவிசாய்த்த கருவி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

இலக்கியத் தொடர் ஒன்றில் மின்கருவியைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். வாய்மொழி இலக்கியம் என்று நாம் பெருமையோடு பேசுவதில் பெரும் பகுதி, ஒரு காலகட்டத்துக்குப் பிறகு, ஏதோ ஒரு கருவியின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கருவி எதைக் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது என்பதும் அந்த இலக்கியத்தின் வரலாறுதான். இதை எனக்கு உணர்த்தியது புத்தளம் மாவட்டக் கடற்கரை.

சிலாபத்திலிருந்து வடக்கே கரையோரமாகச் சென்றால் உடப்பு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு. இடையில் ஒடுங்கிய மணல்நிலத்தில் நெருங்கி வாழும் தமிழ்க் கிராமம். திரௌபதையம்மன் கோவிலின் தீமிதிப்பைக் காண வெளியூர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்வது பலருக்கும் தெரியும். தீமிதிப்பு ஆண்டுக்கு ஒரு முறை. கரைவலையோ அந்த ஊரின் அன்றாடம். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து மேற்குக் கடல் அடங்கும் மாதங்களில் விடியற்காலையிலேயே கரையில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, இரு தலைப்புக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு அணிகளாக இழுப்பார்கள். அந்த இழுப்புக்குத் துணையாகப் பிறந்தவைதான் அம்பாப் பாடல்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார்; மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்பார்கள். ஒவ்வோர் ஏற்புக்கும் கயிறு ஒரு முழம் கரைக்கு வரும். இருபது முப்பது பேரின் தசைகளை ஒரே கணத்தில் அசையவைக்கும் வேலையைத்தான் அந்தப் பாடல் செய்தது. தெய்வமும் காதலும் கேலியும் சம்மாட்டிமீதுள்ள மனத்தாங்கலும் அதில் ஒட்டிக்கொண்டன.

1984ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்தப் பாடல்களைப் பதிவுசெய்யப் போனேன். கையில் இருந்தது இரவல் வாங்கிய ஒரு கசெற் ஒலிப்பதிவுக் கருவி. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு அதில் கிடையாது. "எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், நீ பொத்தானை அமுக்கினால் போதும்" என்று தந்தவர் சொல்லியிருந்தார். அதை அப்போது ஒரு வசதியாகவே எண்ணினேன்.

அன்றைக்கு எடுத்துக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். கயிறு பிடிக்கிற வலு அவருக்கு இல்லை. ஆனால் அவர் குரல் எழுந்தால் இரண்டு அணிகளுக்கும் கேட்கும். ஒன்றரை மணித்தியாலம் பதிவுசெய்தேன். மடி கரைக்கு வந்து மீன் பிரித்த பிறகு எல்லோரும் வாடியில் கூடினோம். நாடாவைப் போட்டேன். பெரியவர் காதைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அலை ஒன்று உடைந்தது. அதோடு குரல் தாழ்ந்துபோயிற்று. அலை ஓய்ந்த பிறகும் குரல் உடனே எழவில்லை. ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தது. வந்து முழுமையாகக் கேட்கத் தொடங்கும் நேரத்தில் அடுத்த அலை உடைந்தது. நாடா முழுவதும் இதே கதைதான்.

பெரியவர் தலையை நிமிர்த்தி, "தம்பி, நாங்க பாடினது எங்க? கடல்தானே பாடுது" என்றார். வாடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையில் நின்றபோது நானும் அதே அலையைத்தான் கேட்டேன். ஆனால் அவர் குரலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் காதுக்குக் கேட்டது கருவிக்கு ஏன் கேட்கவில்லை?

இதற்கு விடை சொன்னவர் கொழும்பில் ஒரு கலையகத்தில் வேலைசெய்த ஒலிப்பதிவாளர். நாடாவை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ஒரு தாளில் படம் வரைந்தார். ஒரு நேர்கோடு, அதுதான் ஒலி போகும் பாதை. அந்தப் பாதையில் ஒரு திருகு. பிறகு நேர்கோட்டிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து வரைந்தார். ஒலியின் நகல் ஒன்று அந்தக் கிளையில் போகிறது. அங்கே ஓர் அளவி இருக்கிறது. வருகிற ஒலி ஓர் எல்லையைத் தாண்டினால், 'குறை' என்று அது திருகுக்குக் கட்டளையிடும். தாண்டாவிட்டால் திருகு பழைய நிலைக்கு மெல்லத் திரும்பும். ஒலியை இப்படி அமுக்கி அளவுக்குள் வைக்கும் கருவிக்குக் கொம்பிரஸர் என்று பெயர். என் கசெற் கருவிக்குள் இருந்தது அதன் மிக எளிய வடிவம். கட்டளை பிறக்கும் கிளைக்கு ஆங்கிலத்தில் சைட்செயின் என்பார்கள். நாம் கிளைவழி என்று வைத்துக்கொள்வோம்.

கரைவலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இழுப்பு நடக்கும்போது ஒருவர் கயிற்றைத் தொடாமல் தள்ளி நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். வலை எந்தப் பக்கம் சாய்கிறது, நீரோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, 'இந்தப் பக்கம் மெதுவாக, அந்தப் பக்கம் விரைவாக' என்று கையசைப்பார். இழுப்பவை நாற்பது கைகள். இழுப்பைத் தீர்மானிப்பது அவருடைய இரண்டு கண்கள். அவர் வலையைப் பார்க்காமல் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? என் கருவியில் நடந்தது அதுதான். கிளைவழியில் இருந்த அளவி, வந்த ஒலியில் எது வலியதோ அதற்கு மட்டுமே கட்டுப்பட்டது. அலை உடையும் ஓசையிலும் ஒலிவாங்கியில் மோதும் காற்றிலும் தாழ்ந்த அதிர்வுகள் மிகுதி. அவற்றில்தான் சக்தி அதிகம். கடல் உரத்தது, திருகு குறைந்தது. குறைத்தபோது கடலோடு சேர்த்துப் பெரியவரின் குரலையும் குறைத்துவிட்டது.

"இதற்கு மருந்து உண்டா?" என்று கேட்டேன்.

"கிளைவழியில் ஒரு சல்லடை வைக்க வேண்டும்" என்றார். "நேர்ப்பாதையில் இல்லை, கிளைவழியில் மட்டும். தாழ்ந்த அதிர்வுகளை அந்தச் சல்லடை தடுத்துவிடும். அப்போது அளவிக்குக் கடல் கேட்காது, குரல்தான் கேட்கும். நாடாவில் கடல் இருக்கும், ஆனால் திருகின்மேல் அதற்கு அதிகாரம் இருக்காது."

இந்தச் சல்லடையின் பெயர்தான் ஈக்குவலைசர். தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று அதிர்வுகளை வகைபிரித்துக் கூட்டவோ குறைக்கவோ செய்வது அதன் தொழில். வழக்கமாக நாம் கேட்கும் ஒலியைத் திருத்துவதற்கு அதைப் பயன்படுத்துவார்கள். இங்கே கருவி கேட்கும் ஒலியைத் திருத்துவதற்குப் பயன்படுகிறது. இந்தச் சிறிய இடமாற்றத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

இலங்கையில் வானொலி 1920களிலேயே தொடங்கிவிட்டது. தந்தித் திணைக்களத்தின் எட்வேர்ட் ஹாப்பர் 1923இல் பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. உலகில் எந்த நாடாயினும் அந்தக் காலத்தில் கொம்பிரஸரின் வேலையைச் செய்தது மனிதக் கைதான். பாடகர் உச்சத்துக்குப் போகும்போது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் திருகைக் குறைப்பார். மெல்லப் பேசும்போது கூட்டுவார். அளவு மீறினால் மத்திய அலை ஒலிபரப்பில் ஒலி கரகரத்து உடையும், பக்கத்து அலைவரிசைக்குள்ளும் சிதறும். அதனால் அந்தக் கை எப்போதும் விழிப்பாக இருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு காது இருந்தது. இது குரல், இது மிருதங்கம், இது கதவு சாத்தும் சத்தம் என்று அது பிரித்தறிந்தது. கதவுச் சத்தத்துக்காக யாரும் பாடகரைக் குறைப்பதில்லை. இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணியாற்றி, பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்ட சோ. சிவபாதசுந்தரம் 1954இல் எழுதிய நூலுக்கு 'ஒலிபரப்புக்கலை' என்றே பெயர் வைத்தார். அந்தத் தலைப்பில் உள்ள 'கலை' என்ற சொல் பேச்சாளருக்கு மட்டுமல்ல, கண்ணாடிக்கு அப்பால் திருகைப் பிடித்திருந்தவருக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

1930களில் இந்தக் கையின் இடத்துக்கு மின்சுற்று வரத் தொடங்கியது. அமெரிக்காவில் வெஸ்ரேன் எலெக்ரிக் நிறுவனம் 1937இல் வானொலி நிலையங்களுக்கென்றே அளவு கடக்காமல் தடுக்கும் கருவியொன்றை வெளியிட்டது. மனிதக் கையைவிட அது விரைவானது, களைப்படையாதது. ஆனால் கையோடு சேர்ந்து காதும் போய்விட்டது. புதிய கருவிக்கு வலியது, மெலியது என்ற இரண்டே சொற்கள்தான் தெரியும்.

மனிதக் காதோ அப்படிப்பட்டதல்ல என்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நிறுவப்பட்டிருந்தது. பெல் ஆய்வுகூடத்தின் பிளெச்சர், மன்சன் என்ற இருவரும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே சக்தியுள்ள ஒலிகள் எல்லாம் காதுக்கு ஒரே அளவாகக் கேட்பதில்லை என்று காட்டியது. மிகத் தாழ்ந்த அதிர்வுகளுக்கு நம் காது மந்தமானது. பேச்சின் தெளிவு தங்கியிருக்கும் நடுத்தர அதிர்வுகளுக்குக் கூர்மையானது. தொலைபேசியில் 300 முதல் 3400 ஹேட்ஸ் வரையான பகுதியை மட்டும் அனுப்பினாலும், மறுமுனையில் பேசுவது அம்மாவா அக்காவா என்று கண்டுபிடித்துவிடுகிறோம் அல்லவா? உடப்புக் கரையில் என் காது செய்ததும் இதுவே. கடலின் முழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, குரல் இருக்கும் பகுதியை அது தேடிப் பிடித்தது. அளவிக்கு அந்த ஞானம் கிடையாது.

கருவிக்கு இந்த ஞானத்தைக் கொடுக்க வேண்டும் என்ற தேவை எழுந்தது கடலால் அல்ல, ஸகரத்தால். 1930களிலும் 40களிலும் திரைப்படங்களின் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதியப்பட்டது. 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகள் மிக உயர்ந்த அதிர்வுகள் கொண்டவை. அவை அந்த ஒளிக்கோட்டில் சரியாகப் பதியாமல் சீறிக் கேட்டன. ஹொலிவூட்டின் பொறியியலாளர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். கிளைவழியில் உயர்ந்த அதிர்வுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். உரசொலி வரும்போது அளவிக்கு அது மிகப் பெரிதாகக் கேட்கும். உடனே திருகு குறையும். ஸகரம் கடந்ததும் திரும்பிவிடும். பின்னாளில் 'டீ-எஸ்ஸர்' என்று பெயர்பெற்ற கருவிகளுக்கு இதுவே அடிப்படை.

கற்பிட்டிப் பகுதியில் ஸலவாத்து ஓதுவதை ஒருமுறை ஒலிவாங்கியை மிக நெருக்கமாக வைத்துப் பதிவுசெய்தபோது இதன் அருமை எனக்குப் புரிந்தது. ஓதியவரின் குரல் இனிமையானது. ஆனால் நாடாவில் ஒவ்வொரு 'ஸல்'லும் ஊசிபோல் குத்தியது. உடப்பில் தாழ்ந்த அதிர்வு செய்த குற்றத்தை இங்கே உயர்ந்த அதிர்வு செய்தது. நோய் எதிரெதிர், மருந்து வைக்கும் இடம் ஒன்றுதான், கிளைவழி.

இந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்த பொருள் ஒரு சிறிய திருகாணி. 1960களின் முற்பகுதியில் கலிபோர்னியாவில் ஜிம் லோரன்ஸ் என்பவர் தம் ரெலிற்ரோனிக்ஸ் நிறுவனத்தில் 'எல்.ஏ.-2ஏ' என்ற கொம்பிரஸரை உருவாக்கினார். அதன் உட்பொறி எளிமையானது. கிளைவழியில் வரும் ஒலி ஒரு சிறு தகட்டை ஒளிரச் செய்யும். அந்த ஒளி பட்டதும் பக்கத்திலுள்ள ஒளியுணரும் மின்தடை மாறி ஒலியைக் குறைக்கும். இன்றும் பாடகர்களின் குரலுக்கு இதற்கு நிகரில்லை என்று சொல்லும் கலையகத்தார் உண்டு. அந்தக் கருவியில், சாதாரணமாகக் கை வைக்காத திருகாணி ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் கிளைவழி தாழ்ந்த அதிர்வுகளுக்குச் செவிடாகிக்கொண்டே போகும், உயர்ந்தவற்றுக்கே செவிசாய்க்கும்.

அது இசைக்காக வைக்கப்பட்டதல்ல. எப்.எம். என்னும் பண்பலை ஒலிபரப்பில் இரைச்சலைக் குறைப்பதற்காக, அனுப்பும் முன் உயர்ந்த அதிர்வுகளைத் தூக்கி அனுப்புவது வழக்கம். வானொலிப் பெட்டி அதை மீண்டும் தாழ்த்திக்கொள்ளும். அமெரிக்க முறையில் 15,000 ஹேட்ஸ் அதிர்வு ஏறத்தாழ 7 மடங்கு தூக்கப்படுகிறது. தூக்குவதற்கு முன் அளவாகத் தோன்றும் ஓர் ஸகரம், தூக்கிய பின் எல்லை தாண்டிவிடும். அதை முன்கூட்டியே அறிந்து நடக்கக் கருவிக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் திருகாணி. பிற்காலக் கலையகத்தார் அதையே வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினார்கள்: பேரிகையின் முழக்கம் பாடகரை அமுக்காதிருக்க, கிளைவழியிலிருந்து முழக்கத்தை நீக்கினார்கள். 1980களில் அதிர்வுகளைத் தேர்ந்து கேட்கும் சல்லடைகளைக் கிளைவழியிலேயே பொருத்திய கருவிகள் கலையகங்களில் பரவலாயின. இன்று கணினியில் இயங்கும் கொம்பிரஸர்கள் பலவற்றில் இது சாதாரணமான ஒரு பொத்தான்.

இதன் நெருங்கிய உறவினர் ஒருவர் நம் பக்கத்து நாட்டில் பிறந்தார் என்பது பலருக்கும் தெரியாது. றே டொல்பி என்ற அமெரிக்க இளைஞர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில், சண்டிகாரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் பணியாற்றினார். இந்திய இசையைப் பதிவுசெய்வது அவர் பொழுதுபோக்கு. நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சலை எப்படி அடக்குவது என்று யோசித்தவருக்கு இந்தியாவில் இருந்தபோதே விடை தோன்றியது. 1965இல் லண்டனில் தம் ஆய்வுகூடத்தை நிறுவினார். அவருடைய முதல் முறை ஒலியை 4 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே கையாண்டது. ஒரு பகுதியில் நடக்கும் ஆரவாரம் இன்னொரு பகுதியைத் தொடாது. கிளைவழிச் சல்லடையில் ஒலி பிரிக்கப்படுவதில்லை, கேள்வி மட்டுமே பிரிக்கப்படுகிறது. டொல்பி முறையிலோ ஒலியே பிரிக்கப்படுகிறது. வழி வேறாயினும் நோக்கம் ஒன்று: வலியதன் பொருட்டு மெலியதைத் தண்டிக்கக் கூடாது.

இனி மீண்டும் நம் கடற்கரைக்கு வருவோம். புத்தளம் மாவட்டக் கரையைப் போல ஒலிபரப்பு வலிமை குவிந்த கரை இலங்கையில் வேறில்லை எனலாம். மத்திய அலை உப்புநீர்மேல் தங்குதடையின்றிப் பயணம்செய்யும். இந்தியாவை நோக்கி ஒலிபரப்ப விரும்பியவர்களுக்கு இந்தக் கரை வாய்ப்பான இடம். புத்தளத்திலிருந்து 882 கிலோஹேட்ஸில் 400 கிலோவாற் வலுவுடன் ட்ரான்ஸ் வேர்ல்ட் றேடியோ என்ற கிறிஸ்தவ நிறுவனத்தின் நிகழ்ச்சிகள் தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் ஒலித்தன. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் 'அமெரிக்காவின் குரல்' தன் சிற்றலை நிலையத்தைக் கட்டியபோது, 1990களில் அப்பகுதி மீனவரும் கத்தோலிக்கக் குருமாரும் நிலத்துக்காகவும் பிழைப்புக்காகவும் எதிர்த்து நின்றார்கள். ஆயினும் நிலையம் எழுந்தது. 2016இல் அதன் ஒலிபரப்பு ஓய்ந்தது.

இத்தகைய நிலையங்களுக்குப் போகும் ஒலி எல்லாம் நான் சொன்ன கருவிகளின் வழியேதான் போகும். 1975இல் றொபேர்ட் ஓர்பன் 'ஒப்டிமொட்' என்ற கருவியை அறிமுகப்படுத்திய பிறகு, ஒலியை அதிர்வு அறிந்து அமுக்கும் கலை உலக வானொலியின் அன்றாடத் தொழிலாயிற்று. தொலைதூரத்துப் பேச்சாளரின் ஒவ்வொரு சொல்லும் கரகரப்பையும் கடந்து கேட்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ பொறியியலாளர்கள் உழைத்தார்கள். அது நல்ல உழைப்புத்தான். ஆனால் அந்தக் கம்பங்களின் நிழலில் கயிறு இழுத்தவர்களின் குரலுக்கு வாய்த்தது, திருகு இல்லாத ஓர் இரவல் கருவி. யாரையும் குறைசொல்லி இதைக் கூறவில்லை. ஒரே கரையில் இரண்டும் இருந்தன என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

அடுத்த பருவத்தில் மீண்டும் உடப்புக்குப் போனேன். இம்முறை கையால் அளவு வைக்கும் கருவியொன்றைத் தேடி எடுத்துக்கொண்டேன். ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை போட்டு, கடலுக்கு முதுகு காட்டி நின்று, அளவைத் தாழ்வாகவே வைத்துப் பதிவுசெய்தேன். பின்னர் கலையகத்தில் அந்த ஒலிப்பதிவாளர் கிளைவழியில் 200 ஹேட்ஸுக்குக் கீழ்ப்பட்டதைத் தடுத்துக் கொம்பிரஸர் வழியே அனுப்பினார். அலை உடைந்தது; குரல் தாழவில்லை. கடலும் இருந்தது, பாட்டும் இருந்தது, கரையில் நின்று கேட்பதைப் போலவே. நல்ல பதிவு.

ஆனால் அதில் எடுத்துக்கொடுத்தவர் வேறொருவர். பெரியவர் இடையில் காலமாகிவிட்டார். அவர் குரல் இருந்தது அந்தப் பழைய நாடாவில் மட்டுமே.

அந்த நாடாவைப் பல ஆண்டுகள் திறக்கவில்லை. கணினிகள் வீடுகளுக்கு வந்து, இந்தச் சல்லடைகள் இலவசமாகவே கிடைக்கத் தொடங்கிய பிறகு, 2012இல் அதை மீண்டும் எடுத்தேன். எல்லாம் அழிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சரியாக ஆராய்ந்தபோது நிலைமை சற்று வேறு என்று தெரிந்தது. அலை உடையும் கணத்தில் கடல் குரலை மூடுகிறது. அங்கே செய்வதற்கு அதிகமில்லை. அலை ஓய்ந்த பிறகு, திருகு பழைய நிலைக்குத் திரும்பும்வரையுள்ள அந்தச் சில வினாடிகளில் குரல் அங்கேயே இருக்கிறது. தாழ்ந்து, நாடாவின் இரைச்சலுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. கிளைவழியைக் குரலின் பகுதிக்கு மட்டும் செவிசாய்க்கச் செய்து, எங்கெங்கே குரல் தாழ்கிறதோ அங்கெல்லாம் அளவைத் தூக்கும்படி வைத்தேன். எஞ்சிய இடங்களில், அந்தக் கால வானொலிக் கட்டுப்பாட்டாளரைப் போல, நானே கையால் கூட்டிக் குறைத்தேன். சில நிமிடப் பாட்டுக்குப் பல இரவுகள் சென்றன. குரல் மேலே வந்தது. கூடவே இரைச்சலும் வந்தது. கீழே அழுந்திய ஒன்றைத் தூக்கும்போது அதில் ஒட்டியிருப்பதும் சேர்ந்தே வரும். அதை நீக்கப்போனால் குரலின் உயிரும் போய்விடுகிறது. அதனால் விட்டுவிட்டேன்.

அந்தப் பதிவைப் பெரியவரின் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கே அப்போது அறுபது வயது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அப்பாட குரல்தான், மாஸ்டர். தொண்டைக்குள்ள மணல் போன மாதிரி இருக்கு" என்றார். சிறிது நேரம் கழித்து, "இன்னொருக்காப் போடுங்க" என்றார்.

நேயர்களே, இந்தச் சிறு சல்லடையைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்த அதிர்வைக் கருவி கேட்கக் கூடாது என்று தீர்மானிப்பவர் ஒரு மனிதர். அம்பாப் பாடலுக்குப் பொருத்தமான சல்லடையை அப்படியே கோவில் உடுக்குக்கு வைத்தால், தாழ்ந்த நாதத்தை அளவி கவனிக்காது. அது கட்டுக்கடங்காமல் போய்விடும். எது பாட்டு, எது கடல் என்பதைக் கருவி சொல்லாது. அந்தக் கரையில் நின்று கேட்டவர்தான் சொல்ல முடியும். வானொலி தொடங்கிய காலத்தில் கையோடு சேர்ந்து போன காதை, இந்தச் சல்லடையின் வழியாக நாம் கருவிக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். காதே இல்லாதவர் கொடுத்தால் பயனில்லை.

கரைவலையைப் பல கரைகளில் உழவு இயந்திரம் இழுக்கும் காலமும் வந்தது. இயந்திரத்துக்கு எடுத்துக்கொடுக்க ஆள் தேவையில்லை. அம்பாப் பாடல் இப்போது கலைவிழா மேடைகளில் கேட்கிறது. கயிறு இல்லாத கையோடு பாடப்படுகிறது. உடப்பிலும், மற்றக் கரைகளிலும், தோட்டங்களிலும், வயல்களிலும் வேலையோடு பாடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இன்று எல்லோர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அதில் பெரும்பாலானவை 'எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்ளும்' கருவிகள். பதிவுசெய்யப் போகிறவர்கள் முதலில் அந்தத் தானியங்கும் அளவை நிறுத்துங்கள். அளவைத் தாழ்வாக வையுங்கள். கடலை விரட்ட வேண்டாம். அதுவும் அந்தப் பாட்டின் பகுதிதான். பிறகு அங்கேயே, பாடியவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். தம் பாட்டு அதில் இருக்கிறதா இல்லையா என்பதை அவர் உடனே சொல்லிவிடுவார்.